நாற்காலி போட்ட மௌனம்

தனகோடி வாயை மூடி அன்றோடு ஒன்பது நாள். புதுப்பட்டினத்தில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். அடிதடி என்றால் நாலு பேர் விலக்கிவிடும் சாக்கில் உள்ளே நுழையலாம். பேசாத புருஷனை யார் போய் விலக்குவது? அவர் மனைவி பிரபாவதி செய்த குற்றம் இவ்வளவுதான்: அஞ்சல் வழி எம்.ஏ. ஆங்கிலப் பரீட்சை எழுதப்போகிறேன், தேறினால் ஊரப்பாக்கத்தில் டீச்சர் வேலை இருக்கிறது என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கல்பாக்கத்துக்கு ஷிப்ட் பார்க்கப் போய்விட்டார்.

பாட நாவலில் ஒரு வரி வேறு அவளைப் படுத்தியது. ‘அவனுடைய மௌனத்தில் மேசை நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.’ வெள்ளைக்காரன் குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்று நினைத்தாள். அகராதியில் மௌனம் இருந்தது, நாற்காலியும் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. செங்கல்பட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் காசிநாதன் சார், "அதெல்லாம் எழுத்தாளனோட கைச்சரக்கும்மா. கொஸ்டின்ல வராது, தள்ளு" என்றார். பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம் கேட்டதுதான் பெரிய தப்பு. காலையில் கேட்டாள், சாயங்காலத்துக்குள் தனகோடி சோபா வாங்குகிறார் என்று கடைசி வீடு வரை போய்விட்டது.

பரீட்சை நாள் காலை. கூடத்தில் பாயும் டிவியும் தவிர ஒன்றுமில்லை. தனகோடி சுவரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹால் டிக்கெட்டோடு சமையலறையிலிருந்து வந்த பிரபாவதிக்கு நேரே பத்தடியில் வாசல். ஆனால் அவள் சுவரோரம் ஒதுங்கி, புடவையை ஒடுக்கிக்கொண்டு, எதிலோ இடித்துக்கொள்ளாமல் வளைந்து வளைந்து போனாள். பாதி வழியில்தான் உறைத்தது. ஒன்பது நாளாக இப்படித்தான் நடக்கிறாள். அந்த வெற்றுக் கூடத்தில் அவர் எதை எங்கே போட்டு வைத்திருக்கிறார் என்று அவள் முழங்காலுக்குத் தெரியும். பாவம், வெள்ளைக்காரன் குடிக்கவில்லை.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"போய்ட்டு வரேங்க."

பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது.

"போவாதன்னாவது சொல்லுங்களேன்."

அதுவும் கிடையாது. போகாதே என்றால் மீறிக்கொண்டாவது போகலாம்.

வாசலுக்கு எதிரே செங்கல்பட்டு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அடுத்த பஸ்ஸில் போனால் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். மார்கரெட் ஒரு காலைப் பஸ் படியிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்து நின்றாள்.

"ஏறுறியா இல்லியாக்கா?" என்றான் கண்டக்டர்.

"இரு நைனா, ஆளு வந்துகினு கீது. இன்னா அவசரம், ராக்கெட்டா வுடப்போற?"

பிரபாவதி தாழ்ப்பாளில் கை வைத்தாள். பின்னால் பேப்பரை மடிக்கும் சத்தம். கை அங்கேயே நின்றது. ஜன்னல் வழியே மார்கரெட்டின் கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு பாதி கழன்று தொங்க, பஸ் அசைய அசைய, படியை விடாமல்.