பின்பாரம்

"தூக்காதீங்கப்பா. இழுங்க," என்றாள் மகள்.

சமையல்காரர் இழுத்தார். திரைச்சீலை மாட்டும் இரும்புக் கம்பிகளின் கட்டு வண்டியின் பின்கதவு வழியாக நிதானமாக வந்து, கடைசியில் மட்டும் அவசரப்பட்டு அவருடைய கால் பெருவிரலில் இறங்கியது. அவர் கத்தவில்லை. கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி செத்த மறுநாள் காலையில் கணவன் கத்தினால் அவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் பெருவிரல்.

கம்பிகளுக்குப் பின்னால் துணிச்சுருள்கள் வந்தன. தையல் இயந்திரத்தின் தலை வந்தது. திரையின் அடிமடிப்பில் வைத்துத் தைக்கும் ஈயக் குண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வந்தன. வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து திரை தைத்துக் கொடுத்தவள், கடையையே வண்டிக்குள் வைத்திருந்தாள். அது காலியானால்தான் அவளுக்கு இடம்.

ஆஸ்பத்திரியில் அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அந்தக் கறுப்புச் சவ வண்டியில என்னை ஏத்தாதீங்க. கண்ணாடிக்குக் கேவலமா ஒரு திரை போட்டிருப்பாங்க. நம்ம வண்டி நீளம்தானே?"

"அதுல படுக்க முடியுமா?"

"மத்தியானத்துல எத்தனை நாள் படுத்துத் தூங்கியிருக்கேன். நல்லா வரும் தூக்கம்."

ஆனால் அவள் படுக்கையில் கிடந்த நாட்களில் வண்டியின் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. சவ அடக்க ஏற்பாட்டுக்காரர் பெட்டியோடு வந்தபோது மரியாதையாகத்தான் சொன்னார்: சான்றிதழ் இல்லாத வண்டியில் பெட்டியை ஏற்றமாட்டோம், இருந்தால் ஆட்சேபணை இல்லை. அடக்கம் மத்தியானம்.

வாசலில் மச்சினன் நின்றிருந்தான். புது வண்டி விற்கும் கடையின் மேலாளர். யாரோ ஓட்டிச் சலித்த அந்த நீள வண்டியை அக்கா வாங்கி வந்த அன்றே, அடுத்த வருஷம் இது பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று சொன்னவன். அடுத்த வருஷம் அது தகுதிச் சோதனையில் ஒரே தடவையில் தேறியது. அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு வருஷமும் அவன் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்வான். அவள் "பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பிறகு அன்று முழுக்கத் தைக்கும்போது பாடுவாள். சுமாராகத்தான் பாடுவாள்.

"அத்தான், நான் கறுப்பு வண்டிக்குச் சொல்லிட்டேன்," என்றான். "இன்னைக்குப் போயி இதை ஓட்டிக் காட்டிட்டு, அங்க ஃபெயிலாகி, இந்த வயசுல அவமானப்பட்டு…"

"எனக்கு என்ன மாப்ள அவமானம்? நான் லைசென்ஸே வாங்கினதில்ல."

"அக்காவுக்குச் சொன்னேன்."

"அவளுக்கு அவமானம்னா அது அந்தக் கறுப்பு வண்டிதான்," என்று சொல்லி, சமையல்காரர் நொண்டிக்கொண்டே முன்சீட்டில், ஓட்ட உட்கார்ந்திருந்த மகளுக்குப் பக்கத்தில் ஏறினார்.

சோதனை நிலையம் ஊருக்கு வெளியே நீளமான தகரக் கொட்டகை. பரிசோதகருக்கு வண்டியைத் தெரிந்திருந்தது. "அம்மா வரலியா? அவங்க வந்தா எங்களையே சோதிச்சிட்டுப் போவாங்களே."

"வீட்ல இருக்கா," என்றார் சமையல்காரர். பொய் இல்லை.

பிரேக் உருளைகளின் மேல் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பிரேக் சரி. புகைக்குழாயில் குழலைச் செருகினார்கள். புகை சரி. பரிசோதகர் பள்ளத்தில் இறங்கி அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். தகடு சரி. ஒவ்வொரு "சரி"க்கும் சமையல்காரர் தானே பரீட்சை எழுதியவர்போலக் கழுத்தை நிமிர்த்தினார்.

ஹெட்லைட்டைப் போட்டார்கள். கொட்டகையின் கோடியில் கோடு போட்ட வெள்ளைப் பலகை. வெளிச்சம் கோட்டுக்கு வெகு கீழே, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பரிசோதகர் பானட்டைத் திறந்து, விளக்கை ஏற்றி இறக்கும் திருகாணியில் கை வைத்தார். எடுத்துவிட்டார். "துரு ஏறி ஒட்டிப்போயிருக்கு. திருகினா விளக்கே கையோட வந்துரும். இந்த வண்டியில இது ஒரு நாளும் தப்பினதில்லையே. என்னத்த மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல," என்றாள் மகள். "அம்மாவோட சாமான எல்லாம் இறக்கிட்டோம். அவ்வளவுதான்."

பரிசோதகர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கூட்டித் துடைத்த வெறும் தரை. "சரியாப் போச்சு. அந்தப் பாரத்துக்கு ஏத்த மாதிரி விளக்க வெச்சிருக்காங்க. பாரம் போனதும் பின்பக்கம் தூக்கிக்கிச்சு, மூக்கு குனிஞ்சுகிச்சு. எதுக்கு இறக்கினீங்க?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பலகையைப் பார்த்தார்.

"அவளை வைக்கத்தான்," என்றார். "நேத்துப் போயிட்டா. மத்தியானம் இதுல கொண்டு போகணும்."

எங்கோ ஓர் இயந்திரம் காற்றை விட்டது. பரிசோதகர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"வீட்டுக்குப் போயி அதையெல்லாம் ஏத்திட்டு வாங்க."

"போயிட்டு வந்தா அடக்கத்துக்கு நேரம் பத்தாது சார்," என்றாள் மகள். அப்போது போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: "மாமாதான். கறுப்பு வண்டி வாசலுக்கு வந்தாச்சாம்."

"இன்னைக்கு இது என்ன பாரத்தோட ஓடப்போகுதோ அந்தப் பாரத்தோட பாத்தா நியாயம்தான்," என்றார் பரிசோதகர், தனக்குள் வழக்காடுபவர்போல. "ஆனா இங்க என்னத்த ஏத்தறது?"

சமையல்காரர் கேண்டீனில் ஊருக்கே சமைத்து, உப்பு பார்க்கிறேன் என்று ஊர் அளவுக்குச் சாப்பிட்டவர். உடம்பு அதற்குச் சாட்சி. அவர் செருப்பைக் கழற்றினார்.

"அவ ஒல்லி. பெட்டியோட சேத்தா என் எடை வருவா," என்றார். "எடையில மட்டும்தான் அவ எனக்குக் கொறச்சல்."

"அப்பா, வேணாம்பா."

"நகரும்மா."

முழங்காலை ஊன்றி, ஒரு மூட்டை தன்னைத்தானே ஏற்றிக்கொள்வதுபோல உள்ளே ஏறி, தலையை முன்பக்கம் வைத்து மல்லாந்து படுத்தார். பின்கதவைப் பரிசோதகரே சாத்தினார், சத்தம் வராமல்.

அவர் எப்போதும் முன்சீட்டுக்காரர். பின்னால் படுத்ததே இல்லை. வண்டியின் கூரைத் துணி எப்போதோ தொங்கிப்போயிருக்க வேண்டும். அவள் அதைப் பிரித்துவிட்டு வேறு துணி வைத்துத் தைத்திருந்தாள். யார் யாருடைய வீட்டிலோ மிஞ்சிய திரைத் துண்டுகள். நீலப்பூ, மஞ்சள் கோடு, ஏதோ குழந்தையின் அறைக்கு வாங்கிய ஒட்டகச்சிவிங்கி. ஓரம் மடித்துப் பொடித்தையல். படுத்தால் மட்டுமே தெரிகிற இடத்தில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு நூல்கூடப் பிசகாமல். நடுவில் இருந்த பச்சைக் கட்டத் துணியை அவருக்குத் தெரியும். அவருடைய பழைய சட்டை. தொலைந்துபோனதாக அவரிடம் சொல்லப்பட்ட சட்டை. அதற்காக அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," பரிசோதகரின் குரல் முன்னாலிருந்து வந்தது. "கொஞ்சம் ஆடாம இருக்கணும். வெளிச்சம் நடுங்குது."

அவர் முஷ்டியைக் கடித்துக்கொண்டார். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார். இந்த வண்டி இவ்வளவு வருஷத்தில் ஒருத்தருக்கும் தலைகுனிந்ததில்லை. அவரால் அது குனியப் போவதில்லை.

"அப்படியே இருங்க."

இருந்தார்.

"சரி," என்றார் பரிசோதகர்.

வாசலில் கறுப்பு வண்டி பளபளத்துக்கொண்டு நின்றது. அதன் ஜன்னலில் ஊதா நிற நைலான் திரை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. சமையல்காரர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மச்சினன் நீள வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த புதுச் சான்றிதழை முதலில் தூரத்திலிருந்தும், பிறகு மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டப்போயும் பார்த்தான்.

"ஒரே தடவையிலயா?"

மகள் வாயைத் திறந்தாள். சமையல்காரர் முந்திக்கொண்டார். "எப்பவும் போல."

மச்சினன் கறுப்பு வண்டி டிரைவரிடம் போய்க் குனிந்து ஏதோ பேசினான். அது பின்னோக்கி நகர்ந்து தெருவை விட்டுப் போனது. திரும்பி வந்தவன் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மடித்து வண்டியின் பின்தரையில் விரித்தான். "மரப்பெட்டி வழுக்கும் அத்தான்," என்றான், யாரையும் பார்க்காமல்.

மயானத்தின் முகப்புக் கொட்டகைக்குள் மகள் வண்டியை நிறுத்தினாள். உள்ளே இருட்டாக இருந்ததால் போட்ட விளக்கை அவள் அணைக்கவில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் நிமிர்ந்து நின்றன. சமையல்காரர் சுவரோரமாகப் போய் நின்றார். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "மெதுவா, மெதுவா," என்றது மச்சினனின் குரல். மரம் உராய்ந்தது.

சுவரில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.