மீட்டரின் மஞ்சள் கோடு

“நான் சொல்றத முழுசாக் கேளுக்கா. அத்தான வர வேண்டாம்னு யாரும்—”

“முழுசாக் கேட்டாச்சு. கூட்டத்துப் பட்டியல்ல பதினோரு பேரு. அவர் பேரு இல்ல.”

“பேரு இல்லன்னா வரக் கூடாதுன்னு அர்த்தமா? வரட்டும், அடுப்புக்கிட்ட ஒரு நாற்காலி போட்டு—”

“அவர் என்ன ஆஸ்பத்திரிக்கா வர்றாரு, நாற்காலி போட்டு உக்கார வைக்க?”

“நீ பேசவே விட மாட்டியே—”

“ஷெட் யாரோடது? அத மட்டும் சொல்லு.”

தம்பி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். அப்பா சாகும்போது வீட்டை மகனுக்கும் பழைய மரக்கிடங்கை மகளுக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தம்பிக்கு உள்ளூரச் சிரிப்பு. வீடு எங்கே, ஓட்டைக் கிடங்கு எங்கே. ஆனால் பத்து ஜீப் நிறுத்தி, நடுவில் இரும்பு அடுப்பும் மூட்டி, குளிரில் விரல் விறைக்காமல் வேலை செய்ய ஊரில் அந்த ஒரு கிடங்குதான் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

மலைப்பாதையைப் பனி மூடியதும் அவர்கள் கூடுவார்கள். கல்லிலும் சேற்றிலும் ஓடித் தேய்ந்த பழைய ஜீப்புகளை இந்த ஷெட்டில் சேர்த்து, ஐந்து நாளைக்கு எல்லாரும் எல்லார் வண்டியையும் பழுது பார்ப்பார்கள். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாலும் வண்டியை விடாத கூட்டம். கூட்டத்தை ஆரம்பித்தவர் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கு அங்கே ‘மீட்டர்’ என்று பெயர். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு மற்றவர்களெல்லாம் அளவு வைத்த டார்க் ஸ்பேனர் வாங்க வேண்டும். அளவு வந்ததும் அது ‘டிக்’ என்று சொல்லும். அவருக்கு அந்த டிக் கையிலேயே இருந்தது.

போன வசந்தத்தில் ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பி வந்தது, கால் வந்தது. கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் தட்டில் தாளம் போட்டது. ஆறு மாதமாகச் சமையலறை மேசையின் ஓரத்தில் ஒரு பலகையைப் பிணைத்து, அதில் போல்ட் பொருத்தி, காலையில் ஐம்பது தடவை இறுக்கினார், ஐம்பது தடவை கழற்றினார். “கூட்டத்துல என் கோடு ஒரு வண்டியில விழுந்தாப் போதும். அப்புறம் நாற்காலியில உக்காரச் சொன்னாலும் உக்கார்றேன்” என்று அவளிடம் ஒரு தடவைதான் சொன்னார். அவள் அதை மறக்கவில்லை.

“ஷெட் உன்னோடதுதான்” என்றான் தம்பி, குரலை இறக்கி. “ஆனா இந்தத் தடவ முதல் வண்டி வாத்தியாரோடது. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மலை இறங்குறவரு.”

“அவர் கை சரியாயிடுச்சு.”

“நீ சொல்ற. நாளைக்குச் சக்கரம் கழண்டா யாரு பதில் சொல்றது? நீயா?”

“அவர் இல்லன்னா ஷெட் இல்ல. போய் உன் வாசல்ல பனியில கூட்டம் போடு.”

தம்பி பட்டியலை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். பிறகு அவள் பக்கம் நெருங்கி வந்து சொன்னான்: “சரி. அத்தான் வரட்டும். வாத்தியார் வண்டியில முன்சக்கரத்து நடு ஹப் ஒண்ணு தர்றேன், ஆறு போல்ட். மதியம் நீ அவர சாப்பிடக் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் பிடிச்சு வை. நாங்க டார்க் ஸ்பேனர் வச்சுப் பாத்துக்கிறோம். சரியா இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“அவர் எதிர்ல பாத்தா என்ன?”

“மீட்டருக்கே மீட்டர் வைக்கச் சொல்றியா? அதுக்கு நாற்காலியே மேல்.”

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. போல்ட்டை இறுக்கியவர், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். தம்பிக்கு நீலம், மீட்டருக்கு மஞ்சள். ஒருவர் கோட்டை இன்னொருவர் உடைப்பதென்றால் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். சொல்லாமல் உடைத்த ஒரு ஆளை மீட்டரே ஒரு வருஷம் வாசலோடு அனுப்பிவைத்தார். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

“உடைக்க மாட்டீங்களே?”

“பாக்கத்தானே போறோம். கோட்டுக்கு என்ன ஆகும்?”

சரி என்றாள். சொல்லும்போது தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் காலையில் இரும்பு தொட்ட இடமெல்லாம் சுட்டது, அப்படிக் குளிர். மீட்டர் ஒரு பலகைத் துண்டைப் போட்டு வாத்தியார் வண்டியின் முன்சக்கரப் பக்கம் உட்கார்ந்தார். வாத்தியார் பின்பக்கம் ஏதோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டு இவர் கையையே பார்த்தார். பேக்கரிக்காரர் பக்கத்து வண்டியின் அடியிலிருந்து தலையை நீட்டினார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

“மீட்டர் அண்ணே, அந்த போல்ட்டு இந்தக் குளிருக்கா, அடுத்த குளிருக்கா?”

“ரொட்டி வேகுற வரைக்கும் பொறுக்குற ஆளுதானே நீ. பொறு.”

“என் ரொட்டி ஆடாதுண்ணே.”

எங்கோ ஒரு வண்டிக்குப் பின்னால் ஒருவர் சிரித்தார். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் சிரித்தார்கள். மீட்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஸ்பேனர் கைநழுவி முதல் தடவை விழுந்தபோது தம்பி ஓடிவந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. மூன்றாம் தடவை பேக்கரிக்காரர் அடியிலிருந்தே “மூணு” என்று எண்ணினார்.

மதியத்துக்குள் ஆறும் முடிந்தது. மஞ்சள் டப்பாவைத் திறந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, கீழுதட்டைக் கடித்து, ஆறு கோடுகளைப் போட்டார். ஆறும் புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்தன. பின்னால் சாய்ந்து அவற்றைப் பார்த்தார். அவள் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள்.

“சாப்பிட வாங்க.”

“இன்னும் கொஞ்சம்—”

“ஆறிடும். வாங்க.”

சாப்பாட்டு மேசையில் அவர் கை கோப்பையில் தாளம் போட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“கை சொல்லுச்சு. இங்க போதும், நிறுத்துன்னு. ஆறு மாசமா ஊமை மாதிரிக் கிடந்துச்சு. இன்னைக்கு ஒவ்வொரு போல்ட்டுக்கும் சொல்லுச்சு.”

“சாப்பிடுங்க.”

“வாத்தியார் ஏதாவது சொன்னாரா?”

“நல்லா வந்திருக்குன்னாரு.”

“வாத்தியாரா சொன்னாரு?”

“பொய்யா சொல்றேன்?”

அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மணி நேரம் படுக்கச் சொன்னாள். டாக்டர் சொன்னதைக் காரணம் காட்டினாள். தினமும் அதற்கு ஒரு சண்டை நடக்கும். அன்றைக்கு நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் போர்வையை இழுத்துவிட்டு, தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள்.

உள்ளே நுழையும்போதே சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்க, தம்பி, வாத்தியார், பேக்கரிக்காரர் மூவரும் சக்கரத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவளும் பக்கத்தில் போய் நின்றாள். ஆறாவது போல்ட்டும் மயிரிழை நகராமல் டிக் என்றது. தம்பி எழுந்தான்.

“ஆறும் சரி.”

அவளுக்குக் கெட்டில் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. “சொன்னேனா இல்லையா?”

“குறையலன்னுதான் இது சொல்லுது” என்றார் பேக்கரிக்காரர். “கூடியிருந்தா? கை நடுங்குற மனுஷன் பயந்து ஒரு இழுப்பு அதிகமா இழுத்திருப்பாரு. அதிகமானா போல்ட்டு உள்ளுக்குள்ள விரிசல் விடும்.”

வாத்தியார் தம்பியைப் பார்த்தார். தம்பி ஸ்பேனரின் அளவை ஒரு புள்ளி கூட்டி, ஒரு போல்ட்டில் மாட்டி இழுத்தான். போல்ட் நகர்ந்தது. நகர்ந்தால், அவர் அந்தப் புள்ளி வரைக்கும் போகவில்லை என்று அர்த்தம். குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை, கச்சிதம்.

ஆனால் மஞ்சள் கோடு முறிந்துவிட்டது. தலையில் ஒரு துண்டும் இரும்பில் ஒரு துண்டுமாக, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன. பானையை உடைத்துவிட்ட பிள்ளைகள் மாதிரி மூன்று ஆண்களும் அதையே பார்த்தார்கள்.

“ஏன்டா, கோட்டுக்கு என்ன ஆகும்னு கேட்டியே.”

“சும்மா இருக்கா.”

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “அஞ்சு அவரு, ஒண்ணு நீன்னு ஒரே சக்கரத்துல ரெண்டு கை வேண்டாம். ஆறையும் கழட்டி நீயே மாட்டிடு.”

“இப்பத்தானே வாத்தியாரே எல்லாம் சரின்னு உங்க கண்ணால—”

“சரிதாம்மா. நான் இல்லங்கல. ஆனா இறக்கத்துல பிரேக்க மிதிக்கும்போது எனக்கு இந்த டிக் சத்தமா ஞாபகம் வரும்? அந்தக் கைதான் வரும்.”

“அப்போ அவர எழுப்பி முகத்துக்கு நேரா சொல்லுங்க. அதானே உங்க சட்டம்?”

“நீ போய்ச் சொல்லுக்கா” என்றான் தம்பி.

அவள் வாசலைப் பார்த்தாள். சிரித்த முகத்தோடு படுத்திருந்த ஆளை எழுப்பி, சரியாக இருந்ததைக் கழற்றப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் நிற்கும்போதே முதல் போல்ட் கழன்றது. அவருக்கு ஒரு காலை முழுக்கப் பிடித்த வேலை தம்பிக்குக் கால் மணி நேரத்தில் முடிந்தது.

“அத்தான் எழுந்து வந்து பாப்பாரு. மஞ்சள் இருக்கணும்” என்றான், பழைய கோடுகளைச் சுரண்டிக்கொண்டே. “நீ போடுக்கா. எங்க கையெல்லாம் கிரீஸு.”

பிரஷ்ஷை வாங்கிக் குனிந்தாள். கோலை வைத்து இழுத்த மாதிரி நேராக விழுந்தது.

“இதப் பாத்தா கை குணமாயிடுச்சுன்னு அண்ணன் ஓட்டப்பந்தயத்துக்கே பேரு கொடுத்துடுவாரு” என்றார் பேக்கரிக்காரர். துணியால் துடைத்துவிட்டார். “கோணலாப் போடுங்க.”

மறுபடி போட்டாள்.

“இது சாஞ்சிருக்கு. ஆடல.”

“ஆடலன்னா நான் என்ன பண்ணட்டும்?”

“அண்ணன் எப்படிப் போடுவாரு? அப்படிப் போடுங்க.”

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். தோளைக் குறுக்கினாள். கீழுதட்டைக் கடித்தாள். ஆறு மாதமாகத் தினமும் பார்த்த கை. எங்கே துள்ளும், எங்கே தயங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கோடு புழுவாக ஊர்ந்தது.

“அடடா, அச்சு அசல் மீட்டர்” என்றார் பேக்கரிக்காரர். தம்பிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாத்தியாரும் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மணி நேரமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உடைந்து அவளும் சிரித்தாள். இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு ஏறியது. ஆறாவதற்கு அவள் வேண்டுமென்றே வாயையும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தலையையும் ஆட்டினாள். பேக்கரிக்காரர் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

பிடரியில் குளிர்காற்று பட்டது. யாரோ கதவைத் திறந்திருந்தார்கள்.

“தூக்கம் வரல” என்று சொல்லிக்கொண்டே மீட்டர் உள்ளே வந்தார். ஸ்வெட்டரில் பொத்தான்கள் ஒரு துளை மாறி மாட்டியிருந்தன. “இன்னொரு சக்கரத்தையும் இன்னைக்கே...”

அவள் கையில் பிரஷ் இருந்தது. உதடு இன்னும் நேராகவில்லை.

அவர் மெதுவாக வந்து பலகைத் துண்டில் உட்கார்ந்தார். ஆறு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மதியத்துக்கு முன் போட்ட பெயின்ட் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். ஒன்றைத் தொட்டார். விரல் மஞ்சளாயிற்று. அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“அத்தான், சொல்லிட்டுத்தான் செஞ்சிருக்கணும். தப்புதான்” என்றான் தம்பி. “ஆனா ரெண்டு லூசா இருந்துச்சு.”

“ரெண்டு” என்றார் பேக்கரிக்காரர்.

வாத்தியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஆமா” என்று அவரும் சொன்னார், யாரும் கேட்காமலே.

மீட்டர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நடுங்கிய கையை மற்ற கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

“நீ சிரிச்சது வாசல் வரைக்கும் கேட்டுச்சு, அது போகட்டும். பக்கத்துல நின்ன நீ சொல்லு, ஆறுல எத்தன லூசு?”