வீட்டோடு ஒரு வேலை

"சம்பளம்னு சொல்லாதம்மா, கேக்கவே அசிங்கமா இருக்கு. செலவுக்கு ஏதோ குடுக்கறோம்னு வெச்சுக்க" என்றார் மூத்தவர், சோபாவில் சம்மணமிட்டபடி.

அவள் கணவனின் அண்ணன் அவர். டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு ஆள் எடுக்கிற அதே குரலில் தம்பி மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரியை இழுத்து மூடிய பிறகு மூன்று மாதமாக ஒவ்வொரு இடமாகப் படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் வயது அதிகம் என்றார்கள். இன்னோரிடத்தில், குழந்தை சின்னது, அடிக்கடி லீவு போடுவீர்கள் என்றார்கள். டயாலிசிஸ் சென்டர் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருந்தது.

உள்ளறையில் மாமனார் படுத்துக் கிடந்தார். பக்கவாதம் வலது பக்கத்தைக் கொண்டுபோயிருந்தது. காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் விற்காத பழைய பீரோவைப் பற்றிப் பேசுவதுபோல எல்லோரும் அவரைப் பற்றி உரக்கப் பேசினார்கள்.

"வெளியாளுன்னா கேக்கறதைக் கொட்டிக் குடுக்கணும். நீ வீட்டுப் பொண்ணு. மாமனாருக்குச் செய்யறது புண்ணியம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். 'பொண்ணு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கணக்குப் பாக்குது' என்று அவள் கல்யாணத்தில் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தவர் இதே மனிதர்தான். கண்டவன் உடம்பைத் தொடுகிற வேலையென்றால் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம். மலிவாக ஓர் ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கப்பல் கரைக்குத் திரும்பிவிட்டது.

"லீவு உண்டா?" என்று கேட்டாள்.

"வீட்டுல இருக்கறவளுக்கு எதுக்கு லீவு?" என்றாள் மூத்தவரின் மனைவி.

"ராத்திரியில மாமாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கணும்க்கா. இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துரும். நான் எப்போ தூங்கறது?"

"நடுவுல நடுவுல தூங்கிக்க."

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாத்துக்கட்டுமே. அவங்க அப்பாதானே?"

"ஐயோ, இவருக்குக் குமட்டும்! உனக்கென்ன, பழகின கை."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு பழைய வாரப் பத்திரிகையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். "அண்ணன் நம்ம நல்லதுக்குத்தான் சொல்வாரு" என்றான் பத்திரிகையிடம்.

உண்மையில் அவளுக்குப் பாதி மனது இருந்தது. மூன்று மாதமாக எல்லோரும் வேண்டாம் என்ற பிறகு ஒருவர் வேண்டும் என்று சொன்னால் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். மாமனார் மேல் கோபமும் இல்லை. அன்று காலையில்கூட அவரைத் துடைத்து வேட்டி மாற்றியவள் அவள்தான். ஆனால் இந்த வேலையில் சேர்ந்தால் ராஜினாமா என்ற ஒன்று கிடையாது.

"இன்னொண்ணு. வெளியில வேலை தேடறதை இன்னையோட விட்டுடணும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் ஆகாது" என்றார் மூத்தவர்.

"அப்போ இந்த வேலை எனக்கு வேண்டாங்க."

"மூணு மாசமா ஒரு பய சீந்தலை. இதுல பிகு வேறயா?"

"சீந்தலைதான். அதுக்காகக் கேட்டவங்களுக்கெல்லாம் கையை எழுதிக் குடுத்துட முடியாது. மருமகளா என்னால ஆனதைச் செய்யறேன். மிச்சத்தை மகனுங்க நீங்க செய்யுங்க."

மூத்தவர் எழுந்தார். காலம் கெட்டுவிட்டது என்றார். மடிப்புக் கலையாத பேன்ட்டோடு, அப்பாவின் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எப்போதும் அவ்வளவுதான்.

கணவன் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூத்தவரின் மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் செய்தி வாசித்தாள். இவளோ தினமும் மாமனாரைத் துடைத்துவிட்டு, மறுபடி படியேறி இறங்கினாள். கடைசியில் டயாலிசிஸ் சென்டர் சொல்லி அனுப்பியது. காலை ஷிஃப்ட்.

வேறு வழியில்லாமல் அண்ணனும் தம்பியும் வெளியாள் ஒருவரைப் பிடித்தார்கள். முதல் நாள் காலையில் வந்தவர் கையுறை மாட்டிக்கொண்டு, "ஐயாவை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். யாராவது ஒருத்தர் தோளைப் பிடிங்க" என்றார்.

மூத்தவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "யம்மா, இங்க கொஞ்சம் வாம்மா" என்று குரல் கொடுத்தார்.

"அவ வேலைக்குப் போயிட்டாண்ணே" என்றான் தம்பி.

வந்தவர் இருவரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் மகன்தானே சார்?"

கட்டிலில் இருந்த கிழவரும் பார்த்தார்.

"கடையிலேர்ந்து போன்" என்று சொல்லிவிட்டு மூத்தவர், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தம்பியின் போன் சார்ஜில் கிடந்தது. அவன் சட்டைக் கையை மடக்கத் தொடங்கினான்.