அக்கா போட்ட இரண்டு மார்க்

பீருக்கு மார்க் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவளைக் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. வேலைதான். வாரத்தில் ஒரு நாள் சென்ட் பூசாமல், காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பையாக முகர்ந்து, ஒரு வாய் குடித்து, ஐந்துக்கு இத்தனை என்று பத்திரிகைக்கு எழுதித் தருவாள். கடைக்காரர்கள் அதை அட்டையில் எழுதி அலமாரியில் ஒட்டுவார்கள். அவர்களுக்கு அவள் மார்க்கக்கா.

அந்த மார்க்குக்குத் தம்பியைப் போல விசிறி யாரும் கிடையாது. "நான் என்ன கண்டதையுமா குடிக்கிறேன்? எங்கக்கா நாலு போட்டாத்தான் தொடுவேன்" என்று நண்பர்களிடம் மார்தட்டுவான். கேட்கும்போது அவளுக்கும் உச்சி குளிரும். நல்லதைத்தானே குடிக்கிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். தினம் ஆறு பாட்டில் உள்ளே போனால் ஈரல் என்ன மார்க்கா பார்க்கும்?

கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தான். "இன்னொரு தடவை இப்படி வந்தா, என்கிட்ட கூட்டிட்டு வந்தும் பிரயோஜனம் இல்லம்மா" என்றார் டாக்டர். அவள் தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். "சரிக்கா, சரிக்கா" என்பான். பிறகு, "இந்த வாரம் எந்த பீருக்கு நாலு?" என்று போன் பண்ணுவான்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கறுப்பு பீர் வந்தது. ஒரு கணவனும் மனைவியுமாகச் சின்னக் கொட்டகையில் காய்ச்சியது. சாதாரண பீரைப் போல இரண்டு மடங்கு போதை. ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வறுத்த வாசனை, அளவான கசப்பு, விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கிற இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு நாலரை போடலாம். பேனாவை எடுத்ததும் தம்பியின் மஞ்சள் கண்தான் முன்னால் வந்து நின்றது. இரண்டு என்று போட்டாள். காரணம் வேண்டுமே, ஈர அட்டை வாடை அடிக்கிறது என்று எழுதினாள். காற்றுப் பட்டுக் கெட்ட பீரில் வருகிற வாடை அது.

மறு வாரம் காய்ச்சியவர் போன் செய்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு அந்த வாடை தெரியவே மாட்டேங்குது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மூடி போடற மெஷினையே மாத்திட்டோம்."

"நல்லதுங்க" என்று வைத்துவிட்டாள். பாவி, அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பி கதி என்ன?

ஞாயிற்றுக்கிழமை பகலில் தம்பி வீட்டுக்குப் போனாள். சமையலறை மூலையில் இரண்டு பெட்டி கறுப்பு பீர். மேசையில் காலி பாட்டில்கள்.

"என்னடா இது? நான் ரெண்டுதானே போட்டேன்?"

"அதனாலதான்க்கா! நீ ரெண்டு போட்டதும் ஒரு பயலும் வாங்கலை. கடைக்காரன் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். என்னதான் இருக்குன்னு பார்ப்போமேன்னு ஒண்ணைத் திறந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "கோவிச்சுக்காதேக்கா. பிரமாதமா இருக்கு. உனக்குத்தான் நாக்குல ஏதோ கோளாறு. ஒரு நல்ல டாக்டரா பாரு."

அவன் கண்ணில் நிஜமான கவலை தெரிந்தது. மஞ்சளும் தெரிந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"என் நாக்குக்கு ஒண்ணும் இல்லடா. அது பொய் மார்க். நீ குடிக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். செத்துப்போயிடுவேடா நீ."

தம்பி மேசையிலிருந்த காலி பாட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நிஜ மார்க் எவ்வளவு?"

இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "நாலரை."

"நான் சொன்னேன்ல!" என்று மேசையைத் தட்டினான். முகமெல்லாம் பூரிப்போடு போய், பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து வந்தான். அக்காவுக்கும் ஒரு கோப்பை வைத்தான்.