விதைக்கு விட்ட புடலங்காய்

1

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, மலாக்கா காஜா பெராங்கில், பதினோரு குடும்பங்கள் சேர்ந்து பயிர்செய்த காய்கறித் தோட்டத்தில், விதைக்கென்று விட்டிருந்த ஒரே புடலங்காயின் நுனியில் ஒரு கல் கட்டப்பட்டிருந்தது.

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி எழுதுவதற்காக உஜோங் பாசிரில் பாக்கியலட்சுமியைப் பார்க்கப் போனேன். அவருடைய அப்பா அப்பாசாமி அப்படிப் போய்த் திரும்பாதவர். அப்பாவைப் பற்றி அவர் மூன்று வாக்கியம் சொன்னார். நான்காவது வரவில்லை. நான் நோட்டை மூடிவிட்டேன். அதன் பிறகுதான் புடலங்காயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்து நோட்டை மறுபடி திறந்தேன். ஆகவே இந்தக் கதையின் முதல் அரை மணி நேரம் என் ஞாபகத்திலிருந்து எழுதப்படுகிறது. அதை அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பசியில் வாடிய அந்த ஊரில், நம்பிக்கையே கொடியாகப் படர்ந்து—"

(நம்பிக்கைக்குக் கொடி இல்லை. புடலைக்கு உண்டு. அடித்துவிட்டேன்.)

அடுத்தது: "பந்தலில் அந்தக் காய் ஒரு தெய்வம் போலத் தொங்கியது. அதைக் காத்து நின்ற பொன்னம்மாவோ—"

இதைப் பாக்கியலட்சுமியிடம் படித்துக் காட்டினேன். பொன்னம்மா அவருடைய அம்மா.

"எங்கம்மாவ சாமியாக்கிடாத தம்பி," என்றார். "அது வாயத் தொறந்தா தெருவே காதப் பொத்திக்கும்."

சரி, தகவலைச் சொல்கிறேன். வீடுகளுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி, லாலான் புல் மண்டிக் கிடந்த நிலம். அரிசி வருவது குறைந்ததும் பதினோரு குடும்பங்கள் புல்லை வெட்டிக் கிளறின. பாதிப் பேர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தமிழர்கள். பாதிப் பேர் மலாக்கா செட்டிகள்.* ஆண்டுக் கடைசி மழையில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். தையிலும் மாசியிலும் வாய்க்கால் வற்றியது. மிச்சமிருந்த குட்டையிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினார்கள். பங்குனிக் கடைசியில் மழை திரும்பும். அப்போது புது விதை வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துப் பறித்துக்கொண்டார்கள்.

பந்தலில் புடலை பிஞ்சு விட்டதும் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டுவார்கள். கல் இழுக்க இழுக்கக் காய் நேராக இறங்கும். விதைக்கு விடும் காய்க்கு மட்டும் கட்டமாட்டார்கள். அது தன் இஷ்டத்துக்குச் சுருண்டுகொண்டு தொங்கும். அதனால் யாரும் சொல்லாமலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது: கல் இருந்தால் முறைக்காரர் அறுக்கலாம். கல் இல்லாவிட்டால் யாரும் தொடக்கூடாது.

சேர்த்து வைத்திருந்த பழைய விதையை எலி தின்றுவிட்டது. நாகப்பட்டினத்துக் கப்பல் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. வெயிலில் மற்றக் கொடிகள் காய்ந்துபோயின. மிஞ்சியது ஒரு கொடி, அதில் ஒரு காய். மூன்று வேளையும் மரவள்ளி தின்ற பதினோரு குடும்பங்கள் மூன்று வாரமாக அந்தக் காய்க்குக் கீழே குனிந்து போய் வந்தன. உயரமானவர்களுக்கு அது தலையில் இடிக்கும். அதற்குக் காவலும் இல்லை, வேலியும் இல்லை.

இந்த இடத்தில் ஏதாவது சொல்லவேண்டும் என்று மூன்று நாள் முயன்றேன். "அது எப்படி முடிந்தது என்று—" "மனிதர்கள் என்றால்—" வாக்கியம் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு தொடக்கங்களையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

* மலாக்கா செட்டிகள் பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய இந்துக்கள். பெயர் தமிழ், கோயில் தமிழ், வீட்டில் பேச்சு மலாய். அவர்களில் ஒருத்தியான கமலவேணிக்குத் தெரிந்த தமிழில் பெரும்பகுதி அந்தத் தோட்டத்தில் கற்றது. அதிலும் பெரும்பகுதி பொன்னம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்றது.

3

அன்று கமலவேணியின் முறை. வயது இருபத்தாறு. மகள் விஜயாவுக்கு நான்கு. விஜயாவின் கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். "பச்சைக் காயா ஏதாவது குடுங்க," என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோட்டத்தில் அன்றைக்குப் பச்சையாக இருந்தது மரவள்ளி இலையும் அந்த ஒரு காயும்தான்.

பொன்னம்மா வாளியோடு வந்தபோது கமலவேணி பந்தலுக்குக் கீழே கத்தியோடு நின்றாள்.

"அக்கா, சியாப்பா?" என்றாள். யார் என்று கேட்கிறாள்.

காயின் நுனியில் கோலிக்குண்டளவு கல். புது நூல்.

இதைப் படிக்கிறவர் கேட்கலாம்: காயைத் தின்றுவிட்டு விதையை எடுத்து வைத்தால் என்ன? முடியாது. மூன்று வாரக் காயில் விதை பால் பிடித்த நிலையில் இருக்கும், முளைக்காது. இன்னும் பத்து நாளாவது கொடியில் இருக்கவேண்டும். சதையும் முற்றத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த வருடம் யாரும் அதையெல்லாம் பார்க்கவில்லை. வேகவைத்தால் தின்னலாம்.

4

யார் கட்டியது? நான் மூன்று வரைவு எழுதினேன்.

முதல் வரைவில் கணேசமூர்த்தி. செமாபோக்கிலிருந்து அந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர். சட்டம் தெரியாது, வேலையில் ஆர்வம் அதிகம். சுருண்டு கிடந்த காயைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கட்டிவிட்டார். இதில் யாருக்கும் குற்றமில்லை. அதனாலேயே எனக்கு இதில் சந்தேகம்.

இரண்டாவதில் கமலவேணி. முதல் நாள் மாலை தானே கட்டிவிட்டு, மறுநாள் சட்டப்படி அறுக்க வந்தாள். இதை எழுதும்போது அவளை நான் ஒரு நொடிகூடக் குறைவாக நினைக்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் காலில் குழி நிற்பதை நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

மூன்றாவதில் பொன்னம்மா. அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியவளே, கமலவேணி யாரிடமும் கேட்காமல், யாருக்கும் கூசாமல் அறுக்கட்டும் என்று கட்டினாள். எழுதியதும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். எனக்குப் பிடித்தது இதுதான்.

பாக்கியலட்சுமி கேட்டுவிட்டுச் சிரித்தார். "அம்மாவா? நூல் வீணாகுதுன்னே கட்டியிருக்காது." பிறகு, "எனக்குத் தெரியாது தம்பி," என்றார். "நான் பக்கத்துல நின்னேன். எனக்குத் தெரியாது."

5

அடுத்து நடந்தது பாக்கியலட்சுமி சொன்னபடியே. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் எதையும் சேர்க்கவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அறு," என்றாள் பொன்னம்மா. "கல்லு இருக்கு. உன் முறை. எவளும் கேக்க முடியாது."

"நேத்து கல்லு இல்ல."

"இன்னிக்கு இருக்கில்ல?"

"நேத்து விதை. ஒரு ராத்திரியில காய் ஆச்சா?"

"ஏண்டி, பிள்ள காலு பானையாட்டம் கிடக்கு. நீ எனக்குச் சட்டம் பேசுறியா?"

"இத அறுத்தா சித்திரையில என்ன நடுறது, அக்கா?"

"மண்ணாங்கட்டிய நடுறேன். அறுடி!"

"நீ அறு."

"என் முறையா? நான் எதுக்கு அறுக்கணும்?"

"அப்ப கத்தாத லா," என்றாள் கமலவேணி, மலாய் இழுவையோடு.

சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். கணேசமூர்த்தி, "ரெண்டு பேருக்கும் வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்களேன்," என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்.

உணவுப் பஞ்சத்தில் நடந்த சண்டைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நீ எடுத்துக்கொள், இல்லை நீ எடுத்துக்கொள் என்று தொண்டை கிழியக் கத்திய சண்டையைப் பற்றி எங்கும் படித்ததில்லை. பாக்கியலட்சுமி இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். 

கமலவேணி கத்தியை ஓங்கினாள். நூலை அறுத்தாள். கல் கீழே விழுந்தது. மரவள்ளிக் கொழுந்தை ஒரு கைப்பிடி ஒடித்து மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பொன்னம்மா அவள் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள். வாய்க்காலைத் தாண்டி அவள் மறையும்வரை திட்டினாள்.

6

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் காய் வெடித்தது.

அதை வர்ணிக்க நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் ("தீயைப் போல—", "குங்குமத்தைக் கரைத்து—") கூடையில் கிடக்கின்றன. பாக்கியலட்சுமி சொன்னது இவ்வளவுதான்:

"வெளிய மஞ்சளா ஆரஞ்சா இருந்துச்சு. பொளந்ததும் உள்ள ஒரு செவப்பு. அந்த வருஷம் நாங்க பாத்ததெல்லாம் மண்ணு கலரு, மரவள்ளிக் கலரு. அப்படி ஒரு செவப்பு எங்கேர்ந்து வந்துச்சு? பாத்துக்கிட்டே நின்னோம். அம்மாகூடப் பேசல."



விதையைச் சுற்றியிருந்த சிவந்த சதையை வழித்து விஜயாவின் வாயில் வைத்தார்கள். அவள் துப்பிவிட்டாள்.

7

முதல் பிரதியில் விஜயாவைப் பிழைக்க வைத்திருந்தேன். வளர்ந்து, ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து, ஒருநாள்—

"அந்தப் பிள்ளைய ஏன் பொய்யா வளக்கிற?" என்றார் பாக்கியலட்சுமி. அதோடு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

கல்லைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. மூன்று வரைவுகளும் மேலே இருக்கின்றன. நான்காவது ஒன்று உங்களுக்குத் தோன்றினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை எடுத்தாலும், கத்தி நூலைத்தான் அறுத்தது என்பதை மாற்ற வேண்டாம். அது நடந்தது.

மற்றவை:

காயில் நாற்பத்தாறு விதைகள் இருந்தன. இரண்டு பொக்கு. குடும்பத்துக்கு நான்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், மழை வந்த பிறகு ஊன்றினார்கள். விஜயா ஏப்ரல் 19 அன்று இறந்தாள். கமலவேணிக்குக் கிடைத்த நான்கில் மூன்று முளைத்தன.