இலவச ஆட்டம்

திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு இன்னும் இருபத்திமூன்று மணி நேரம் இருந்தது. டாம்சின் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே அதைச் சொல்லிவிடுவாள். வியாழக்கிழமையிலிருந்து அந்தக் கணக்கு அவளுக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் ரஸ்ஸல் மினிகோல்ஃப் திடலின் ஏழாவது குழிக்குப் பக்கத்தில், பச்சை விரிப்பின்மேல் மண்டியிட்டு, ரசமட்டத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கிக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தங்கள் முறைக்காக நின்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நால்வரும் கடலை ரசிப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டாம்சின் அவர்களிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள்.

"வடக்கால அரை விரல் இறக்கம்," என்றான் ரஸ்ஸல். "மழை பெஞ்சா தண்ணி அம்புட்டும் குழிக்குள்ளதான் வரும். கோல்ஃப் குழி கட்டச் சொன்னா குளிக்கிற தொட்டி கட்டி வச்சிருக்கான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். குறை கண்டுபிடித்ததில் அவனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சரிசெய்ய ஏதாவது இருக்கும் இடம்தான் அவனுக்குப் பிடித்த இடம்.

நான்கு நாட்களில் இது ஒன்பதாவது திடல். லெஸ்டரிலிருந்து வியாழக்கிழமை காலை கிளம்பி, கிழக்குக் கடற்கரை ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசியில் இந்த மார்ல்பிக்கு வந்திருந்தார்கள். நடுவில் எதையும் விடவில்லை. ரொட்டி வாட்டும் கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது, அதைப் பார்த்தார்கள். சுவரெல்லாம் சிப்பி பதித்த வீடு ஒன்று, அதையும் பார்த்தார்கள். காசு போட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் மாலுமி பொம்மைக்கு முன்னால் ரஸ்ஸல் பதினைந்து நிமிடம் நின்றான். அது ஏன் இப்போதும் ஆட்களை நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். முழங்கால் உயர வீடுகளோடு கட்டிய மாதிரி கிராமம் ஒன்றில், அந்தக் கிராமத்துக்குள்ளேயே இன்னொரு மாதிரி கிராமம் இருந்தது. அதற்குள்ளும் ஒன்று இருக்கிறதா என்று வேலியில் வயிறு பதியக் குனிந்து பார்த்தான். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினான். அவனுக்கு இது சுற்றுலா அல்ல, பாடம்.

மார்ல்பித் திடலைப் பத்து வருடக் குத்தகைக்கு விடப்போவதாக ஊர் கவுன்சில் அறிவித்திருந்தது. விண்ணப்பிக்கத் திங்கள் நண்பகல்வரை நேரம். ரஸ்ஸலும் டாம்சினும் இரண்டு பேர் பெயரிலும் போன மாதமே விண்ணப்பித்துவிட்டார்கள். கிடைத்தால் அவன் கிடங்கு வேலையை விடுவான், அவள் மருத்துவமனை ஆய்வகத்தை விடுவாள். சீட்டுக் கொடுக்கும் அறைக்கு மேலே உள்ள இரண்டறை வீட்டில் குடியிருப்பார்கள். இதற்கு முன்னால் கால்வாய்ப் படகு, அதற்கு முன்னால் தேனீப் பெட்டிகள், அதற்கும் முன்னால் காப்பி வண்டி. ஒவ்வொன்றுக்கும் அவன் கேட்டபோது டாம்சின் "சரி, பாப்போம்" என்றுதான் சொன்னாள். பதினொரு வருடமாக அவள் வாயில் அந்தச் சொல்தான். இல்லை என்று ஒரு முறைகூட வந்ததில்லை. இந்த முறையும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்று இரவிலிருந்து தூக்கம் போயிற்று.

வியாழக்கிழமை, ரொட்டிக் கருவி அருங்காட்சியகத்துக்காரரோடு ரஸ்ஸல் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கவுன்சிலுக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினாள். கல்யாணத்தின்போது இருவருக்குமாகத் தொடங்கிய பொது மின்னஞ்சல் கணக்கிலிருந்து. பதில் பத்து நிமிடத்தில் வந்தது. அதை அழித்தாள். அழித்துவிட்டு உள்ளே போய், அவனோடு சேர்ந்து ரொட்டிக் கருவிகளைப் பார்த்தாள்.

கிடைக்கவில்லை என்று தானாகத் தெரிந்தால் அவன் இரண்டு நாள் சோர்ந்திருந்துவிட்டு வேறொன்றைத் தேடுவான். அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். நினைக்காதது ஒன்று இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினால் போதும், திங்கள் நண்பகல்வரை யாரும் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஒருவர் பெயரில் மட்டும்கூட. அவள் இப்போது சொன்னால் அவன் தனியாகப் போட்டுவிடலாம். போட்டு, கிடைத்து, தனியாக இங்கே வந்துவிடவும் கூடும். சொல்லாமல் போகும் ஒவ்வொரு மணியும் அவன் கையிலிருந்து அவள் பிடுங்கிக்கொள்ளும் மணி.

எட்டாவது குழியில் அவள் பந்து சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒன்பதாவதிலும் அப்படியே. பத்தாவது குழிக்கு முன்னால் ரஸ்ஸல் சிப்ஸ் வாங்கி வருகிறேன் என்று சாலையைக் கடந்து போனான்.

அவன் தலை மறைந்ததும் எனிட் துடைப்பத்தோடு வந்தாள். எழுபது தாண்டியவள். இருபத்தாறு வருடமாக இந்தத் திடலை நடத்துகிறவள். முழங்கால் ஒத்துழைக்காததால் இந்த மாதத்தோடு விடுகிறாள். காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை விரிப்பிலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பது அவள் வேலையில் பாதி. இப்போதும் தள்ளிக்கொண்டே பேசினாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை கவுன்சில்லருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. லெஸ்டர்க்காரங்க ரெண்டு பேரும் விலகிட்டாங்கன்னு. அப்புறம் உன் வீட்டுக்காரன் எதுக்கு என் ஏழாவது குழியில தவம் கெடக்கறான்?"

டாம்சின் மட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அவனுக்குத் தெரியாது," என்றாள்.

எனிட் துடைப்பத்தை நிறுத்தினாள். திட்டுவாள் என்று டாம்சின் காத்திருந்தாள். எனிட்டுக்குக் கவலை வேறாக இருந்தது. இன்று ராத்திரி புயல் காற்று எச்சரிக்கை. பன்னிரண்டாவது குழிக்கு மேலே நிற்கும் காற்றாலையின் றெக்கைகளை நாலு மணிக்குக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். ஒரு வருடம் கழற்றாமல் விட்டதில் ஒரு றெக்கை பறந்துபோய் ஐஸ்கிரீம் கடையின் கண்ணாடியை உடைத்துவிட்டது.

"காலைலயே வந்து, கத்துக்குடுங்கன்னு கேட்டுட்டான் உன் ஆளு. வரப்போறவனுக்குன்னா கத்துக்குடுக்கலாம். வராதவனுக்காக நான் எதுக்கு ஏணிகிட்ட நிக்கணும்? என் முட்டிக்கு ஒரு நியாயம் வேணாமா?"

"நாலு மணிக்குள்ள சொல்லிடறேன்."

"சொல்லு, சொல்லாமப் போ. எனக்கு ஏணிய எடுக்கணுமா வேணாமான்னு தெரிஞ்சா போதும்," என்று சொல்லிவிட்டு எனிட் மணலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசிக் குழியில் சொல்லிவிடுவது என்று டாம்சின் முடிவு செய்தாள். எந்தத் திடலிலும் பதினெட்டாவது குழி பந்தை விழுங்கிவிடும், திருப்பித் தராது. அதோடு ஆட்டம் முடிந்தது, மட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். பேச அதைவிட நல்ல இடம் இல்லை. இங்கே அது ஒரு கோமாளியின் வாய். சரிவான மேடேறி, இரண்டு பல்லுக்கு நடுவே பந்து போக வேண்டும். ரஸ்ஸல் நான்கு அடியில் போட்டான். அடுத்தது அவள். சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டே, பந்தைச் சரியாகப் பார்க்காமல், சீக்கிரம் முடிந்தால் சரி என்று தட்டினாள். பந்து மேடேறி, பல் இடுக்கில் புகுந்து, உள்ளே போயிற்று. கோமாளியின் தொப்பிக்குள் மணி அடித்தது.

திடலிலிருந்த எல்லோரும் திரும்பினார்கள். காத்திருந்த குடும்பம் கைதட்டியது. வாழ்க்கையில் ஒரே அடியில் அவள் எந்தக் குழியிலும் போட்டதில்லை. ரஸ்ஸல் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான். சீட்டு அறை ஜன்னலில் எனிட் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் அட்டையைக் காட்டினாள். கடைசிக் குழியில் ஒரே அடி என்றால் ஓர் ஆட்டம் இலவசம், இருவருக்கும், அன்றைக்கே ஆடிவிட வேண்டும்.

"வேணாம் ரஸ், கை வலிக்குது," என்றாள் டாம்சின்.

"மணி அடிச்சவ ஆடாமப் போனா ஊரு சிரிக்கும்டி," என்று அவன் புதுப் பந்துகளை வாங்கி வந்தான். மஞ்சள் பந்து எப்போதும் அவளுக்கு.

மறுபடியும் முதல் குழி. மறுபடியும் கலங்கரை விளக்கம், திமிங்கிலம், இரட்டைப் பாலம். அவள் அடித்தாள், நடந்தாள், சின்னப் பென்சிலால் சீட்டில் எண் எழுதினாள். நின்ற ஒவ்வொரு இடமும் இப்போதே சொல் என்று அவளைத் தள்ளியது. அவன் பேசிக்கொண்டே வந்தான். ஏழாவதில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் போதும் என்றான். குளிர்காலத்தில் விரிப்பைச் சுருட்டி எங்கே வைப்பது என்று யோசித்தான். சீட்டுக் கொடுக்க அவள்தான் உட்கார வேண்டுமாம்.

"பத்து வயசுப் பையன ஏழுன்னு சொல்லி அரை டிக்கெட் கேப்பாங்கல்ல? உன் முகத்தப் பாத்தா அந்தப் பொய் வராது."

அவள் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே காய்ந்துபோயிற்று. எட்டாவது குழியில் இப்போது என்று நினைத்தாள். பதினொன்றாவதில் இப்போது என்று நினைத்தாள். பதினெட்டாவதில் கோமாளி அவள் பந்தை ஆறாவது அடியில்தான் விழுங்கினான். பின்னாலேயே வேறொரு குடும்பம் வந்து நின்றது. நாலு மணியும் ஆகிவிட்டது.

எனிட் அறை வாசலில் நின்று அவளைப் பார்த்தாள். இன்னும் சொல்லவில்லை என்று டாம்சின் மெல்லத் தலையை ஆட்டினாள். எனிட் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஏணியை எடுக்கப் போனாள்.

காற்றாலைக்கு நான்கு றெக்கைகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தது. ரஸ்ஸல் ஏணியில் ஏறி, கைக்கு எட்டிய ஒன்றை முதலில் கழற்றினான். அடுத்து அதற்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டான். மிச்சம் இருந்த கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் விசுக்கென்று சுழன்று, ஒரு றெக்கை அவன் தொப்பியைத் தட்டிக் கீழே போட்டது. கீழே ஏணியைப் பிடித்திருந்த எனிட் அசையவில்லை.

"அடி வாங்கினாத்தான் புத்தி வரும்னு விட்டேன்," என்றாள்.

"எதிரும் புதிருமா கழட்டணும் ரஸ்," என்றாள் டாம்சின். யோசிக்காமல் வந்துவிட்டது. ஆய்வகத்தில் இரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் தினமும் செய்வதுதான். ஒன்றை வைத்தால் நேர் எதிரே இன்னொன்றை வைக்க வேண்டும், எடுத்தாலும் அப்படியே. இல்லையென்றால் இயந்திரம் அதிர்ந்து மேசையை விட்டே நகர்ந்துவிடும். அந்த இயந்திரம் கிளம்பும்போது வரும் மெல்லிய முனகல் அவளுக்குப் பிடிக்கும். காலை எட்டரைக்கு அந்த ஓசையோடு நாள் தொடங்குவது பிடிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கத்தக்க விஷயமாக அவளுக்கே தோன்றியதில்லை.

"பாத்தீங்களா, என் பொண்டாட்டி மூளைய," என்றான் ரஸ்ஸல் மேலேயிருந்து. காற்றில் தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. பன்னிரண்டு வயதுப் பையன்போல் இருந்தான். நான்கு றெக்கைகளையும் அவனே தோளில் சுமந்து அறைக்குள் அடுக்கினான். கிளம்பும்போது எனிட் அவன் கையைக் குலுக்கினாள். நாளைக்கு ஊருக்கா என்று கேட்டாள்.

"நாளைக்கு ஊருக்கு. அடுத்த வாரம் சாவி வாங்க வருவேன்," என்றான்.

எனிட் டாம்சினைப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஊரில் அவன் பார்க்காத இடம் இன்னும் ஒன்று பாக்கி. குன்றின் முனையில் தகரக் கூம்புக் கூரை போட்ட வட்ட அறை. நாலரைக்குக் கடைசிக் காட்சி. உள்ளே ஜன்னல் இல்லை. கூரை உச்சியில் ஒரு கண்ணாடியும் வில்லையும் இருந்தன. அவற்றின் வழியாக வெளிச்சம் இறங்கி, நடுவில் இருந்த வெள்ளை வட்ட மேசையில் ஊர் முழுவதையும் அப்படியே வரைந்தது. படம் அல்ல, அந்த நிமிடத்து ஊர். மேசைமேல் அலை வந்து வந்து உடைந்தது. விரல் நீளக் கடற்பாலத்தின்மேல் எள் எள்ளாக ஆட்கள் போனார்கள். காட்டுகிற ஆள் கயிற்றை இழுத்துக் கண்ணாடியைத் திருப்ப, ஊர் மெதுவாகச் சுற்றியது. பார்க்க இவர்கள் இருவர்தான். ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வேண்டியவரைத் தூக்கிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வெளிக் கதவைச் சாத்தி வருகிறேன் என்று போனான்.

இருட்டில் ரஸ்ஸலின் முகம் தெரியவில்லை. மேசைமேல் நீண்ட அவன் கைகள் மட்டும் தெரிந்தன. அவற்றின்மேல் கடல் ஓடியது.

"அந்தா பாரு, நம்ம எடம்," என்று கிசுகிசுத்தான்.

பிஸ்கட் அளவுக்குப் பச்சை. றெக்கையில்லாத காற்றாலை ஒரு குண்டூசி. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. ரஸ்ஸல் தாளை மேசைமேல் வைத்து, மூச்சை அடக்கி, மெல்ல உயர்த்தினான். எனிட் தாளோடு மேலே வந்தாள். காற்றில், அவன் இரண்டு கைகளுக்கு நடுவில், மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

டாம்சின் அந்தக் கைகளையே பார்த்தாள். கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ரஸ், வியாழக்கிழமை நான் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டேன்."

அவளுக்குத் தன் குரல் யாரோ பேசுவதுபோல் கேட்டது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது.

"அந்த மெயில்ல என் பேரு இல்ல. உன் பேரப் போட்டு நான் எழுதினேன். நாளைக்குப் பன்னெண்டு வரைக்கும் நீ திரும்பப் போடலாம், தனியாவே போடலாம். எனக்கு இங்க வர இஷ்டம் இல்ல ரஸ். படகுலயும் இருந்ததில்ல. எதுலயும் இருந்ததில்ல."

தாள் அசையவில்லை. அதன்மேல் எனிட் விளிம்புவரை நடந்து வந்து, விளிம்பைத் தாண்டி, கீழே மேசைக்கு இறங்கிப் போனாள்.