எண்ணெய் குடித்த கல்சாடிகள்

பொழுது புலர்ந்ததும் பொன்னுதுரையின் முதல் வேலை, மலாக்காவின் காஜா பேராங் பகுதியிலுள்ள வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலில் நிற்கும் இரண்டு கல்சாடிகளையும் ஈரத்துணியால் துடைப்பதுதான். இங்கிலாந்தில், துரையின் பாட்டனார் மாளிகைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாய்ப் பூக்களைச் சுமந்து நின்று, பிறகு கப்பலேறி மலாக்காவுக்கு வந்தவை அவை. திராட்சைக்கொடி செதுக்கிய அந்த வெள்ளைக் கல்லைத் தோட்டக்காரர் பொன்னுதுரை தெய்வம்போல் பேணினார்.

அந்தப் பக்திதான் வினையாயிற்று. மலாயா விடுதலை பெறும் மெர்டேக்கா நாள் நெருங்கியது, துரை ஊர் திரும்ப ஆயத்தமானார். பங்களாவை வாங்கிய சீன முதலாளியான தவுக்கே, துரை கைகாட்டும் வேலையாட்களை அப்படியே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிரிவு விருந்துக்குச் சாடிகள் பளபளக்கட்டும் என்று, கோயிலில் அம்மன் சிலைக்குச் செய்வதைப் போலவே, பொன்னுதுரை அவற்றுக்கு எண்ணெய்க்காப்பிட்டார். கருங்கல் எண்ணெயில் மினுங்கும். இந்தக் கல்லோ அதைக் குடித்துவிட்டது. மறுநாள் வெயிலில் சாடியெங்கும் பழுப்புக் கறை.

துரை முகம் சிவந்து, யார் செய்தது என்று கேட்டார். வாசலைக் கூட்டுவது வேலைக்காரி அஞ்சலைதான் என்று மட்டும் பொன்னுதுரை சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை; ஆனால் அதுவே போதுமாயிருந்தது. கணவனை இழந்த அஞ்சலைக்கு அன்றே வேலை போயிற்று. வேலையோடு, பின்கட்டில் அவள் குடியிருந்த அறையும் போயிற்று. தனக்கு அந்த வேலையை வாங்கித் தந்த பொன்னுதுரையை அவள் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை அவர் வந்தபோது, அவளுடைய சாமான்களை ஏற்றிய மாட்டுவண்டி வாசலில் நின்றது. அவளோ சாடியருகே குந்தி, சாம்பலால் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தோலுரிந்திருந்தன.

"என்ன அஞ்சலை இது?"

"நான் போனப்புறம் தொரை மறுபடி விசாரிச்சா உங்க தலைதான் உருளும்ணே. உங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு."

அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே துரையிடம் போய், தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னார். அஞ்சலை வேலையில் இருக்கட்டும், நீ வேலையை விட்டுப் போகலாம் என்றார் துரை.

பொன்னுதுரை வாசலுக்கு வந்தார். சமையற்காரரும் டிரைவரும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"எண்ணெய பூசுனது நான். பழிய சொமந்தது இந்தப் புள்ள. தொரைகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்றேன். இந்தப் புள்ள இங்கயே இருக்கும், நான்தான் போறேன்."

"அப்ப நீங்க எங்கண்ணே போவீங்க?" என்றாள் அஞ்சலை.

அவர் வண்டியிலிருந்து அவளுடைய தகரப்பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, பின்கட்டு அறையை நோக்கி நடந்தார்.